நாள்வழி மட்டும் போதாது: சர்க்கரை, இரத்தக் கொதிப்புச் சிகிச்சை பற்றி ஒரு பாடம்

ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் கணக்கைப் பார்வையிடச் செல்லும்போது நாம் முதலில் கேட்பவை இரண்டு புத்தகங்கள். ஒன்று நாள்வழி, மற்றொன்று பேரேடு. நாள்வழியில் அன்றன்று வந்த வரவும் ஆன செலவும் வரிசையாக எழுதப்பட்டிருக்கும். பேரேட்டிலோ ஒவ்வோர் அங்கத்தினருக்கும் தனியாக ஒரு பக்கம் உண்டு. நாள்வழி எவ்வளவு சுத்தமாக எழுதப்பட்டிருந்தாலும், அதை மட்டும் வைத்துக்கொண்டு தவணை கட்டாதவர் யார் என்று சொல்லிவிட இயலாது. வராதவர் பெயர் நாள்வழியில் ஏறுவதே இல்லை. பேரேட்டைப் புரட்டினால்தான் அவர் நம் கண்ணில் படுவார். இது சங்கக் காரியதரிசிகள் யாவரும் அறிந்ததே.

இதே உண்மை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் பொருந்தும் என்பதே இம்மாதப் பாடம். நூலும் உரமும் பற்றிப் பேச வேண்டிய ஏட்டில் மருந்தும் மாத்திரையும் எதற்கு என்று சிலர் கேட்கலாம். 1995ஆம் ஆண்டில் மான்செஸ்டர் நகரில் கூடிய சர்வதேசக் கூட்டுறவுக் கூட்டமைப்பு, சமுதாய நலனில் அக்கறை என்பதைக் கூட்டுறவுக் கோட்பாடுகளில் ஏழாவதாகச் சேர்த்தது. அது ஒருபுறமிருக்க, தறியில் அமரும் உடம்பும் ஏர் பிடிக்கும் உடம்புமே நம் சங்கங்களின் உண்மையான மூலதனம். அதற்குத் தேய்மானம் எழுதி வைக்க நம்மிடம் ஒரு பத்தியும் இல்லை.

நோவு காட்டாத நோய்கள்

காய்ச்சல் வந்தால் உடம்பு சுடும். பல் சொத்தையானால் வலிக்கும். ஆகவே நோயாளி தாமாகவே மருத்துவரைத் தேடிப் போகிறார். இரத்தக் கொதிப்பும் நீரிழிவும் அப்படிப்பட்டவை அல்ல. இரத்த அழுத்தம் 140க்கு 90 என்ற அளவையோ அதற்கு மேலோ ஆண்டுக்கணக்கில் நின்றாலும் பெரும்பாலோருக்கு ஒரு தலைவலிகூட வருவதில்லை. வெறும் வயிற்றில் எடுத்த இரத்தத்தில் சர்க்கரை 126 மில்லிகிராமும் அதற்கு மேலும் இருப்பது மீண்டும் ஒரு சோதனையில் உறுதிப்பட்டால் அது நீரிழிவு. தொடக்கத்தில் அதுவும் பலருக்கு ஒன்றும் தெரியாமலே இருக்கும். இதற்கிடையில் மூளை, இருதயம், சிறுநீரகம், கண், கால் ஆகியவற்றின் இரத்தக் குழாய்கள் சிறுகச் சிறுகக் கெடுகின்றன. நோவு தெரியும்போது முதல் போய்விட்டிருக்கும்.

இந்நோய்களில் சிகிச்சையைத் தொடங்குவது எளிது; தொடர்வதே அரிது. மாத்திரை சாப்பிட்டாலும் உடம்பு முன்போலவே இருக்கிறது, நிறுத்தினாலும் முன்போலவே இருக்கிறது. அப்படியிருக்க, ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு எதற்காக வரிசையில் நிற்க வேண்டும் என்று நெசவாளர் எண்ணுவதில் வியப்பில்லை.

நாம் பார்த்த ஒரு கணக்கு

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நெசவாளர் சங்கத்தில் ஆண்டுக் கணக்கைப் பார்வையிட்டுக்கொண்டிருந்தோம். தவணை கடந்த பாக்கிப் பட்டியலில் ஓர் அங்கத்தினர் பெயர் இருந்தது. ஐம்பது வயதைத் தாண்டியவர். முப்பது ஆண்டுகளாகக் குழித்தறி நெய்தவர். அதற்கு முன் ஒரு தவணையும் தவறாதவர். சங்கம் தன் கடமையைச் சரியாகவே செய்திருந்தது. முதல் மாதம் நினைவூட்டுக் கடிதம், இரண்டாம் மாதம் நோட்டீஸ், மூன்றாம் மாதம் நிர்வாகக் குழு உறுப்பினர் ஒருவரே வீட்டுக்குப் போயிருந்தார். யாவும் தேதி வாரியாகக் கோப்பில் இருந்தன. காரியதரிசியுடன் நாமும் அவர் வீட்டுக்குச் சென்றோம்.

தறிக் குழிக்கு மேல் பலகை போட்டு மூடியிருந்தார்கள். அவருக்கு வலது காலில் முழங்காலுக்குக் கீழே எடுக்கப்பட்டிருந்தது. குழிக்குள் கிடந்த ஒரு மூங்கிற் சிராய் உள்ளங்காலில் ஏறியிருக்கிறது. நீரிழிவினால் காலில் உணர்ச்சி குன்றியிருந்தபடியால் அது அவருக்குத் தெரியவில்லை. மிதிபலகையை மிதித்துக்கொண்டே இரண்டு வாரம் நெய்திருக்கிறார். நாற்றம் வந்த பிறகே வீட்டார் பார்த்தார்கள். சுகாதார நிலையத்தில் கொடுத்த சிறு நோட்டுப் புத்தகத்தை அவர் மனைவியார் எடுத்துக் காட்டினார். கடைசியாக மாத்திரை வாங்கிய தேதிக்கும் காலை எடுத்த தேதிக்கும் இடையே பதினான்கு மாதங்கள். அந்த அம்மாள் கோபமில்லாமல் ஒன்று சொன்னார்: "பாக்கிக்காக மூன்று தடவை ஆள் வந்தார்கள், ஐயா. மாத்திரைக்கு ஒரு தடவைகூட யாரும் வரவில்லை."

பிறகு அந்தச் சுகாதார நிலையத்துக்கும் சென்று விசாரித்தோம். அங்கிருந்த செவிலியர் தம் பதிவேட்டைத் தயங்காமல் காட்டினார். நாள்தோறும் நாற்பது ஐம்பது பெயர்கள், அளவுகள், கொடுத்த மாத்திரைகள் என யாவும் அடித்தல் திருத்தல் இல்லாமல் இருந்தன. "வந்தவர் எல்லாரையும் எழுதியிருக்கிறேன், சார். வராதவரை எந்தப் பக்கத்தில் எழுதுவது?" என்று அவர் கேட்டார். அவர் கேட்டது சரியான கேள்வி. நல்ல நாள்வழி அவரிடம் இருந்தது. பேரேட்டை யாரும் அவருக்குக் கொடுக்கவில்லை.

குற்றத்தை நிலையத்தின்மேல் மட்டும் போட்டுவிட்டு நாம் விலகிக்கொள்ளவும் முடியாது. அவர் வாரந்தோறும் சேலையைக் கொடுத்து நூல் வாங்கச் சங்கத்துக்கு வந்தவர். அவர் நெய்த துணியில் ஓர் இழை குறைந்திருந்தால் நாம் கண்டுபிடித்திருப்போம்.

எண்கள் கூறுவது

இது ஒருவருடைய கதை அன்று. 2020ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் தொற்றா நோய்கள் பற்றி எடுக்கப்பட்ட கணக்கெடுப்பின்படி, இரத்தக் கொதிப்பு உள்ளவர்களில் அதைக் கட்டுக்குள் வைத்திருந்தவர்கள் நூற்றுக்கு 7.3 பேர்தாம். நீரிழிவு உள்ளவர்களில் அது 10.8 பேர். சிலருக்கு நோய் இருப்பதே தெரியாது. தெரிந்தவர் சிலர் மருந்து தொடங்கவில்லை. தொடங்கியவர் சிலர் விட்டுவிட்டார்கள். விடாதவர் சிலருக்கு மருந்தின் அளவு போதவில்லை. இந்த நான்கு படிகளிலும் ஆள் உதிர்ந்து கடைசியில் தேறுகிறவர் இவ்வளவுதான்.

கட்டுக்குள் வைத்தால் பயன் உண்டா என்ற ஐயத்துக்கும் விடை உண்டு. பிரிட்டனில் நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் சேர்ந்திருந்த 1,148 பேரை இரு பிரிவாக்கி ஆண்டுக்கணக்கில் கவனித்து, 1998இல் முடிவை வெளியிட்டார்கள். நெருங்கிக் கவனிக்கப்பட்ட பிரிவின் சராசரி அழுத்தம் 144க்கு 82. மற்றப் பிரிவினுடையது 154க்கு 87. மேல் எண்ணில் வித்தியாசம் பத்தே அளவு. ஆயினும் நெருங்கிக் கவனிக்கப்பட்டவர்களிடையே பக்கவாதம் நூற்றுக்கு 44 பங்கும், நீரிழிவு தொடர்பான மரணம் நூற்றுக்கு 32 பங்கும் குறைந்திருந்தன.

பேரேடு வைத்தவர்கள்

இவ்வாறு நெருங்கிக் கவனிப்பதை ஒரு சோதனையில் மட்டுமன்றி நாள்தோறும் நடக்கும் மருத்துவமனைகளிலும் செய்ய இயலுமா? செய்திருக்கிறார்கள். அமெரிக்காவில் வட கலிபோர்னியாவில் கெய்சர் பெர்மனன்டே என்னும் மருத்துவ அமைப்பு உள்ளது. முன்கூட்டியே சந்தா கட்டிய உறுப்பினர்களுக்குச் சிகிச்சை அளிப்பது அதன் முறை. 2001இல் அங்கு இரத்தக் கொதிப்பு உள்ளவர்களில் சுமார் 44 சதவிகிதத்தினரே கட்டுக்குள் இருந்தனர். 2009இல் அது 80 சதவிகிதமாயிற்று. இரத்தக் கொதிப்புள்ள உறுப்பினர் அனைவரையும் ஒரே பதிவேட்டில் கொணர்ந்தார்கள். எந்த மருந்தில் தொடங்கி எந்தப் படியில் ஏற்றுவது என்பதை ஒரே முறையாக வகுத்தார்கள். அழுத்தத்தை அளந்து பார்க்க மட்டும் வருகிறவர் மருத்துவருக்காகக் காத்திராமல் உதவியாளரிடமே பார்த்துச் செல்லலாம் என்று செய்தார்கள். ஒவ்வொரு மருத்துவமனையிலும் எத்தனை பேர் கட்டுக்குள் இருக்கிறார்கள் என்று அவ்வப்போது கணக்கெடுத்து எல்லாருக்கும் தெரிவித்தார்கள்.

செல்வ நாட்டில் நடந்தது நம் நாட்டில் நடக்குமா என்று கேட்கலாம். 2017 நவம்பரில் இந்திய இரத்த அழுத்தக் கட்டுப்பாட்டு முயற்சி தொடங்கப்பெற்றது. பஞ்சாப், கேரளம், மத்தியப் பிரதேசம், தெலங்கானா, மகாராஷ்டிரம் ஆகிய ஐந்து மாநிலங்களில் சில மாவட்டங்களில் முதலில் தொடங்கிப் பின்னர் மற்ற மாநிலங்களுக்கும் விரிந்தது. அதன் அடிப்படையும் இவையே: எளிய ஒரே மருந்து முறை, தடையில்லா மருந்து வழங்கல், மருத்துவரோடு செவிலியரும் பிற பணியாளரும் பொறுப்பைப் பகிர்தல், வீட்டுக்கு அருகிலேயே சிகிச்சை, ஒவ்வொரு நோயாளிக்கும் தொடர்ந்த பதிவு.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டு 5ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்னும் திட்டம் தொடங்கப்பட்டது. மகளிர் தன்னார்வலர்கள் வீடு தேடி வந்து இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து, மருந்தையும் கொடுப்பது அதன் முக்கியமான அம்சம். அந்த அம்மாள் சொன்ன குறைக்கு இது நேரான பரிகாரம். ஆயினும் வீடு தேடி வருகிறவருக்கும் எந்த வீட்டைத் தேட வேண்டும் என்று காட்ட ஒரு பட்டியல் வேண்டும். பட்டியல் சரியில்லாவிட்டால், கதவு திறந்திருக்கும் வீட்டுக்கே மீண்டும் மீண்டும் போக நேரிடும்.

நிலையத்தில் நடக்க வேண்டியவை

முதலாவது, ஆளுக்கு ஓர் அட்டை. அடுத்து வரவேண்டிய மாதம் எதுவோ அந்த மாதத்துப் பெட்டியில் அட்டையை வைக்க வேண்டும். நோயாளி வந்தால் அட்டை அடுத்த பெட்டிக்குப் போகும். மாதக் கடைசியில் பெட்டியில் மீந்து கிடக்கும் அட்டைகளே தவணை தவறியோர் பட்டியல். அவர்களை முதல் வாரத்திலேயே தொலைபேசியிலோ நேரிலோ விசாரிக்க வேண்டும். இப்போது பல இடங்களில் பதிவு கணினியில் ஏறுகிறது; நல்லதே. ஆனால் வராதோர் பட்டியலை எடுத்துப் பார்க்காவிட்டால் கணினியும் ஒரு நாள்வழிதான்.

இரண்டாவது, 'அதே மாத்திரை' என்று எழுதும் வழக்கத்தைக் கைவிடுதல். ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டும் அழுத்தம் 140க்கு 90க்குக் கீழே இறங்காவிட்டால், முறைப்படி அளவைக் கூட்டவோ இரண்டாவது மருந்தைச் சேர்க்கவோ வேண்டும். வந்து போகிறவர் நோய் கட்டுக்குள் வராமலே ஆண்டுக்கணக்கில் வந்து போவதில் பயனில்லை.

மூன்றாவது, மருந்து இருப்பு. 400 பேருக்கு நாளொன்றுக்கு ஒரு மாத்திரை வீதம் 30 நாளைக்கு 12,000 வேண்டும். அவர்களில் 150 பேருக்கு இரண்டாவது மாத்திரையும் உண்டு என்றால் இன்னும் 4,500. ஆக மாதம் 16,500. மூன்று மாதத்துக்கு 49,500. நூல் இருப்பைக் கணக்கிடத் தெரிந்த எவருக்கும் இது புரியும். இருப்பில்லாத ஒரு நாள், வெறுங்கையோடு திரும்பிய நோயாளியை ஓராண்டு வராமற் செய்துவிடக்கூடும்.

நான்காவது, நீரிழிவு உள்ளவருக்கு ஆண்டுக்கு ஒரு முறையேனும் கால், கண், சிறுநீர் மூன்றையும் சோதித்தல். காலில் உணர்ச்சி இருக்கிறதா என்பதை ஒரு மெல்லிய நைலான் இழையைக் கொண்டு சில நிமிஷங்களில் பார்த்துவிடலாம். நாம் சொன்ன அங்கத்தினருக்கு அச்சோதனை காலத்தில் நடந்து, நாள்தோறும் பாதத்தைப் பார்க்கும் பழக்கமும் வந்திருந்தால் அந்தச் சிராய் அன்றைக்கே வெளியே வந்திருக்கும்.

ஐந்தாவது, காலாண்டுக்கு ஒரு முறை மூன்று எண்கள்: கட்டுக்குள் இருப்பவர், கட்டுக்குள் வராதவர், நிலையத்துக்கே வராதவர். மூன்றும் சேர்ந்து பதிவானோர் தொகைக்குச் சரியாக வேண்டும். உதாரணமாக, பதிவானோர் 400, கட்டுக்குள் 160, கட்டுக்குள் வராதவர் 110, நிலையத்துக்கு வராதவர் 130 எனக் கொள்வோம். வந்த 270 பேரை மட்டும் வைத்துக் கணக்கிட்டால் 59 சதவிகிதம் வெற்றி. பதிவான 400 பேரையும் வைத்துக் கணக்கிட்டால் 40 சதவிகிதம்தான். வராக்கடனை மறைத்து இலாபம் காட்டும் ஐந்தொகையை நாம் ஏற்பதில்லை, இதையும் ஏற்கலாகாது.

சங்கம் செய்ய வேண்டியதும் செய்யலாகாததும்

நூல் வழங்கும் நாளிலும் கூலி பட்டுவாடா நாளிலும் அங்கத்தினர் பலர் ஒரே இடத்தில் கூடுகிறார்கள். அன்று சங்கக் கட்டடத்தில் ஒரு மேஜையும் இரண்டு நாற்காலியும் ஒதுக்கிக் கொடுத்து, சுகாதாரப் பணியாளரை அழைக்கலாம். விவசாயச் சங்கமானால் உரம் வழங்கும் நாளும், பால் சங்கமானால் காலைக் கறவை நேரமும் இதற்கு ஏற்றவை. தன்னார்வலர் வரும் வேளையில் விவசாயி வயலில் இருப்பாரானால், வேளையை மாற்றும்படி சங்கத் தலைவர் நிலையத்தாரைக் கேட்டுக்கொள்ளலாம். நிலையத்தின் நோயாளர் நலச் சங்கக் கூட்டத்துக்கு முன்பாக மேற்சொன்ன மூன்று எண்களையும் மருந்து இருப்பையும் கேட்டு ஒரு கடிதம் எழுதலாம். கேட்பவர் ஒருவர் இருக்கிறார் என்று தெரிந்தால் கணக்கு தானே ஒழுங்குபடும்.

செய்யலாகாதது ஒன்று உண்டு. அதை வற்புறுத்திச் சொல்ல விரும்புகிறோம். அங்கத்தினரின் நோயைச் சங்கப் புத்தகத்தில் எழுதக்கூடாது. யாருக்குச் சர்க்கரை, யாருக்குக் கொதிப்பு என்பது நிர்வாகக் குழுவில் பேசும் விஷயமன்று. கடன் மனுவைப் பரிசீலிக்கும்போது அதை நினைக்கவே கூடாது. நோயைச் சொன்னால் கடன் கிடைக்காது என்ற பேச்சு ஒரு முறை பரவிவிட்டால், அந்த மேஜைக்கு முன் எவரும் உட்காரமாட்டார். பெயர்ப்பட்டியல் செவிலியரிடமே இருக்கட்டும். இடமும் வேளையும் கொடுப்பதோடு சங்கத்தின் வேலை முடிந்தது.

அங்கத்தினர் பங்கு

அழுத்தம் பார்க்கும் முன் ஐந்து நிமிஷம் பேசாமல் முதுகு சாய்த்து உட்கார வேண்டும். அரை மணி முன்னதாகக் காப்பியும் பீடியும் கூடா. கை இருதய மட்டத்தில் இருக்க வேண்டும். ஓடி வந்து கை நீட்டினால் வரும் எண் பொய்யெண்.

'இப்போது நார்மல்' என்று சொன்னதும் மாத்திரையை நிறுத்தாதீர்கள். மாத்திரையால் வந்த நார்மல் அது. பக்க விளைவு ஏதேனும் தோன்றினால் மருத்துவரிடம் சொல்லி மாற்றிக்கொள்ளுங்கள். சர்க்கரைக்கு மருந்து எடுப்பவருக்கு வேர்வை, நடுக்கம், தலைச்சுற்றல் கண்டால் உடனே மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். உப்பு ஆளுக்கு நாளொன்றுக்கு ஐந்து கிராமுக்கு, அதாவது ஒரு தேக்கரண்டிக்கு, உட்பட்டிருக்கட்டும். ஊறுகாய், அப்பளம், கருவாடு ஆகியவற்றில் உள்ள உப்பும் அதில் சேர்ந்ததே.

நீரிழிவு உள்ள நெசவாளர் நாள்தோறும் தறிக் குழியைப் பெருக்கிய பின்பே இறங்க வேண்டும்; விவசாயி வரப்பில் செருப்பில்லாமல் நடக்கலாகாது. இரவு படுக்குமுன் வெளிச்சத்தில் இரு பாதங்களையும் பாருங்கள். கண் மங்கியவர் வீட்டுப் பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லுங்கள். வாய் ஒரு பக்கம் கோணுதல், ஒரு கை விழுதல், பேச்சுக் குழறல் ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் தாமதியாமல் 108ஐ அழைத்துப் பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும். அடைப்பினால் வரும் வாதத்தில் உறைவைக் கரைக்கும் மருந்து நாலரை மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் பயன் தரும்.

அந்த அங்கத்தினர் இப்போது தறியில் அமர்வதில்லை. இராட்டையில் தார் சுற்றுகிறார். கூலி பாதிக்கும் குறைவு. அவர் கடனுக்குச் சங்கம் தவணையை நீட்டித்துக் கொடுத்தது. அது விதியில் உண்டு. காலுக்கு அப்படிப்பட்ட விதி ஒன்றும் இல்லை.

படிப்பு வட்டத்தில் பேச வேண்டிய வினாக்கள்

1. நாள்வழிக்கும் பேரேட்டுக்கும் உள்ள வேறுபாடு யாது? உங்கள் ஊர்ச் சுகாதார நிலையத்தில் வராதவரைக் காட்டும் பதிவு உண்டா?

2. பதிவானோர் 300, வந்தவர் 210, கட்டுக்குள் இருப்பவர் 120. சதவிகிதத்தை இரு முறையிலும் கணக்கிடுக. எது உண்மை நிலையைக் காட்டும்?

3. உங்கள் சங்கத்தில் அங்கத்தினர் அதிகமாகக் கூடும் நாளும் வேளையும் எவை? அன்று மேஜை போட இடம் உண்டா?

4. அங்கத்தினரின் நோய் விவரம் சங்கப் புத்தகத்தில் ஏறினால் விளையும் தீங்குகளைக் கூறுக.